மன்னார்க் கரையும் சமயப் பொறையும்

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, பெருநிலத்தோடு ஒரு தாம்போதியினாலும் பாலத்தினாலும் பிணைக்கப்பட்டு, இராமேசுவரத்தை நோக்கிக் கை நீட்டியது போற் கிடப்பது மன்னார்த் தீவு. தீவின் ஒரு முனை தலைமன்னார். மறுமுனையிலே பழைய கோட்டையும் பட்டினமும். கடல் நீரேரியைக் கடந்து பெருநிலத்தில் அடி வைத்தவுடன் மாந்தை. அதனை அடுத்துப் பாலாவிக் கரையிலே திருக்கேதீச்சரம். தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை எனக் கரையோர ஊர்கள் தொடர்கின்றன. உள்நாட்டுக் காட்டிடையே மடுத் திருப்பதி. தீவினுள்ளே எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய முஸ்லிம் ஊர்களும், பேசாலை முதலிய கத்தோலிக்க ஊர்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இலங்கையின் மாவட்டங்களுள் கிறித்தவர் பெரும்பான்மையினராய் வாழ்வது மன்னார் ஒன்றே. எஞ்சியோருள் இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும் பகுதியினர். மூன்று சமயத்தாருக்கும் வீட்டு மொழி தமிழே.

ஒரு மொழி பேசுவோர், ஒரு கடலை நம்பி வாழ்வோர், ஒரே சந்தையிற் பொருள் கொள்வோர் ஆகிய இம்மக்களிடையே சமயப் பொறை இயல்பாகவே தழைத்திருக்கும் என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறு எண்ணுவது பாதி உண்மையே. பொறை என்பது தானே முளைக்கும் புல் அன்று. நீர் பாய்ச்சிக் காக்க வேண்டிய பயிர். அதனைக் காப்பது எவ்வாறு, அழிப்பது எது என்பதை அறிவதற்கு மன்னார்க் கரையைப் போன்ற பாடசாலை வேறொன்று இல்லை எனலாம்.

முத்துக் குளிப்பு நடைபெற்ற காலத்து வழக்கம் ஒன்றை இங்கு நினைவு கூர்தல் தகும். அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் எதிரேயுள்ள முத்துப் பார்களிலே, இரு கரையிலிருந்தும் வந்த பல சமயத்தார் மூழ்கிச் சிப்பி எடுத்தனர். மூழ்குபவன் காலிலே கல்லைக் கட்டி இறங்குவான். தோணியிலிருப்பவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே தூக்குவான். மூழ்குபவன் உயிர், மேலே இருப்பவன் கருத்திலும் கையிலும் தங்கியிருந்தது. கயிறு பிடிப்பவன் எந்தத் தெய்வத்தை வணங்குபவன் என்பதன்று அங்கே எழுந்த கேள்வி; அவன் விழிப்பாக இருக்கின்றானா என்பதே. ஒருவர் நம்பிக்கையை மற்றவர் ஏற்றுக்கொள்ளாமலே, ஒருவர் உயிரை மற்றவர் காத்தல் கூடும் என்பதற்கு இது தக்க சான்று. சமயப் பொறை என்று சொல்லப்படுவதன் உட்பொருளும் இதுவே. எல்லாச் சமயமும் ஒன்றே என்று பேசுவது அதற்கு இன்றியமையாததன்று. வேறுபாடு வேறுபாடாகவே இருக்க, கயிற்றைக் கைவிடாதிருத்தலே வேண்டப்படுவது.

ஆயினும் கயிறு கைவிடப்பட்ட நாட்களும் மன்னார்ச் சரித்திரத்தில் உள. 1544ஆம் ஆண்டிலே, புதிதாகக் கிறித்தவ சமயத்தைத் தழுவிய மன்னார் மக்கள் ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் கட்டளையினாற் கொல்லப்பட்டனர். அவர்களைக் கத்தோலிக்கர் வேதசாட்சிகளாகப் போற்றுகின்றனர். பின்னர்ப் போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரிற் கோட்டை அமைத்தனர். அவர்கள் ஆதிக்கக் காலத்திலே, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் தரைமட்டமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிய பின்னர், ஒடுக்கப்படுவோர் நிலை கத்தோலிக்கருக்கு வந்தது. அவர்கள் மாந்தைக் கோயிலில் இருந்த மரியன்னையின் திருவுருவத்தைக் காப்பாற்றக் காட்டினுள்ளே கொண்டு சென்றனர் என்றும், அதுவே மடுத் திருப்பதியின் தோற்றம் என்றும் மரபு கூறும். திருக்கேதீச்சரமோ புதைந்து கிடந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் அதனை மீட்டெடுக்குமாறு சைவ மக்களை வேண்டினார். மீண்டும் கோயில் எழுந்து, பாடல் ஒலிக்க நெடுங்காலம் சென்றது.

இச்சரித்திரத்தை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சைவரும் கத்தோலிக்கரும் ஆகிய இரு சாராரும் இழந்தவர்களே. அதுவும் மாந்தை என்னும் அதே மண்ணில் இழந்தவர்கள். ஒரு சாரார் கோயிலை இழந்தனர். மறு சாரார் அன்னையின் உருவத்தைச் சுமந்து காட்டுக்குள் ஓடினர். இழப்பை நினைத்தல் இயற்கை. ஆனால் தன் இழப்பை மட்டும் நினைந்து, அயலானின் இழப்பை மறந்துவிடும்போது அந்நினைவே ஆயுதமாகிவிடுகின்றது.

உள்நாட்டுப் போர் அந்த ஆயுதத்தை மேலும் கூர்மையாக்கியது. 1984 டிசம்பர் 4ஆம் நாள் இராணுவ வாகனம் ஒன்று கண்ணிவெடியிற் சிக்கியதைத் தொடர்ந்து, படையினர் சுட்டதில் மன்னார்ப் பகுதிப் பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். 1999 நவம்பரிலே, மடுத் திருப்பதியில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது எறிகணை வீழ்ந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2006 ஜூனிலே, பேசாலைத் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது கைக்குண்டு வீசப்பட்டது. போராளி அல்லாதவரைத் தாக்கி, எஞ்சியோரை அச்சத்தில் ஆழ்த்துவதே பயங்கரவாதத்தின் இலக்கணமென்றால், தாக்கிய கை எந்தச் சீருடை அணிந்திருந்தது என்பதனால் அந்த இலக்கணம் மாறிவிடாது.

இவற்றுக்கிடையே 1990 அக்டோபர் மாதத்தில் நிகழ்ந்தது, சமயப் பொறையைப் பற்றிப் பேசுவோர் ஒருபோதும் தவிர்க்கலாகாத நிகழ்ச்சி. தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். 70,000க்கு மேற்பட்டோர் சில நாட்களுக்குள் தம் ஊரை இழந்தனர். அவருள் மிகப் பெரும் பங்கினர் மன்னார் மாவட்டத்தவர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் வீட்டையும் தோணியையும் தோட்டத்தையும் விட்டுக் கடல் வழியாகக் கற்பிட்டியை அடைந்தனர். புத்தளம் மாவட்டத்து முகாம்களிலே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2002 ஏப்ரலிலே, அவ்வியக்கத்தின் சார்பிற் பேசிய அன்ரன் பாலசிங்கம் அது தவறு என்பதை ஒப்புக்கொண்டார். தவறென்று கூறுவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஊருக்குத் திரும்புவதோ 2009இல் போர் முடிந்த பின்னரே பலருக்குக் கைகூடிற்று. திரும்பியோர் தம் காணிகள் காடாகிக் கிடப்பதையும், சில இடங்களில் வேறொருவர் குடியிருப்பதையும் கண்டனர்.

அக்கட்டளையின் உள்ளீடு யாது? யாரோ சிலர்மீது கொண்ட ஐயத்தை ஒரு சமயத்தார் அனைவர்மீதும் ஏற்றியதே. எருக்கலம்பிட்டியின் பாடசாலை ஆசிரியரும், தாராபுரத்துக் கடைக்காரரும், முசலியின் உழவரும் தம் பெயரை இழந்து, ‘அவர்கள்’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர். மனிதனுக்குப் பெயர் உள்ளவரை அவனைத் துரத்துவது கடினம். பெயரை நீக்கிவிட்டால் எதுவும் எளிது. பயங்கரவாதம் எந்த நாட்டில் எந்தச் சமயத்தின் பெயரால் எழுந்தாலும், அதன் முதல் வேலை இப்பெயர் நீக்கமே.

போர் முடிந்து பத்தாண்டு நிறைவதற்கு முன்னர், மாந்தை மண்ணிலே மற்றொரு சோதனை வந்தது. 2019ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், மகா சிவராத்திரிக்கு முந்திய தினம். திருக்கேதீச்சரத்துக்குச் செல்லும் வீதியின் முகப்பிலே, மாந்தைக் கத்தோலிக்க ஆலயத்துக்கு அண்மையில், கோயில் வளைவு ஒன்றைப் புதுப்பித்து அமைக்கும் முயற்சி நடந்தது. அதனை எதிர்த்த சிலர் வளைவைப் பிடுங்கி வீழ்த்தினர். காணி யாருடையது, அனுமதி யார் கொடுத்தது, வளைவு எவ்விடத்தில் நிற்கலாம் என்பவை ஊர்ப் பெரியோரும் பிரதேச சபையும் நீதிமன்றமும் அமர்ந்து தீர்க்கத்தக்க வினாக்கள். இவற்றுக்கு வன்செயல் விடையாகாது. வளைவைப் பிடுங்கிய செயலை நியாயப்படுத்தவும் இயலாது. பின்னர் நீதிமன்ற அனுமதியோடு தற்காலிகமாக வளைவு நாட்டப்பட்டு, சிவராத்திரி நடந்தேறியது.

ஆனால் அதற்குள் வேறொன்று நிகழ்ந்துவிட்டது. வளைவு பிடுங்கப்பட்ட காட்சி கைத்தொலைபேசியிற் பதிவாகி, சில மணி நேரத்துக்குள் முகநூல் வழியாக யாழ்ப்பாணம், கொழும்பு, தமிழ்நாடு, ஐரோப்பா, கனடா எங்கும் பரவிற்று. ஒரு சந்தியின் வழக்கு இரு சமயங்களின் வழக்காயிற்று. மாந்தைச் சந்தியை ஒருநாளும் கண்டறியாதோர், அங்கு அடுத்த நாட் காலையில் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பால் வாங்க வேண்டியவர்களைவிட உரத்த குரலிற் பேசினர். ஊரிலுள்ளவன் சினங்கொண்டாலும், அச்சினத்தின் விலையை அவனே கொடுக்க வேண்டும் என்பதனால் ஓரளவு அடங்குவான். தூரத்திலிருப்பவனுக்கு விலை இல்லை. விலை கொடுக்காதவன் கையில் வீண்சொல் பெருகுவது இயல்பு அன்றோ?

அதற்கு ஏழு வாரங்களின் பின்னர், 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள மூன்று தேவாலயங்களிலும், தலைநகரின் மூன்று விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாக்கியோர் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லித் தாக்கினர். மன்னார்க் கத்தோலிக்கருக்கு அது தம் குடும்பத்தின் துயரம். மன்னார் முஸ்லிம்களுக்கோ 1990இன் அச்சம் மீண்டும் வாசலில் வந்து நின்றது.

அத்தாக்குதலைப் பற்றிய இரண்டு உண்மைகள் நன்கு நினைவிலிருத்தற்குரியன. முதலாவது, தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவனைப் பற்றி அதற்கு ஈராண்டுகளின் முன்னரே காத்தான்குடி முஸ்லிம்கள் அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். இரண்டாவது, ஏப்ரல் முற்பகுதியிலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தும், அது உரிய நடவடிக்கையாக மாறவில்லை. இத்தவறுக்காக 2023 ஜனவரியிலே உயர் நீதிமன்றம், முன்னாள் சனாதிபதியும் பாதுகாப்பு அதிகாரிகளும் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. இவற்றால் விளங்குவது யாதெனில், கொடியவனை முதலிற் காணும் கண் அவனுடைய அயலாரின் கண்ணே. ஒரு சமூகம் முழுவதையும் பகையாகக் கருதுவோர், தமக்கு எச்சரிக்கை சொல்லக்கூடிய அக்கண்களைத் தாமே மூடிவிடுகின்றனர். சமயப் பொறை பாதுகாப்புக்கு எதிரானது என்று சிலர் கருதுவது பிழை. பாதுகாப்பின் முதற்படியே அதுதான்.

குண்டு வெடித்த பின்னர் வந்தது சொல்லின் வெடிப்பு. 2019 மே 12ஆம் நாள் சிலாபத்திலே, கடைக்காரர் ஒருவர் முகநூலில் எழுதிய சிறு வாசகம் ஒன்று அச்சுறுத்தலாகத் திரித்துப் பொருள் கொள்ளப்பட்டது. கூட்டம் கூடியது, கற்கள் பறந்தன. மறுநாள் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்திலே ஒருவர் கொல்லப்பட்டார். 1990இல் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டோர் அடைக்கலம் புகுந்த மாவட்டம் அதுவே. அதே மாதத்திலே, கப்பற் சுக்கானின் சக்கரம் பொறித்த ஆடையை அணிந்த முஸ்லிம் பெண் ஒருவர், அது பௌத்தரின் தர்மச் சக்கரம் எனத் தவறாகக் கருதப்பட்டுக் கைது செய்யப்பட்டார். ஒரு வாசகத்தையும் ஒரு சித்திரத்தையும் பிழையாக வாசித்ததன் விளைவு இவ்வளவு.

வதந்தி புதியதன்று. அதன் வாகனமே புதியது. வானொலிக்கும் இதில் நாணத்தக்க ஓர் அத்தியாயம் உண்டு. 1994இல் ஆபிரிக்காவின் ருவாண்டா நாட்டிலே, ஒரு வானொலி நிலையம் நாள்தோறும் பகையை ஒலிபரப்பி, அயலாரை அயலாரே கொல்லுமாறு தூண்டியது. அந்நிலையத்தோடு தொடர்புடையோர் சிலர் பின்னர்ச் சர்வதேச நீதிமன்றத்திலே குற்றவாளிகளாயினர். வானொலியிலேனும் பேசுவோர் யாரென்பது தெரியும்; அவரைப் பொறுப்புக் கூறச் செய்யலாம். இக்காலத்துச் சமூக ஊடகத்திலோ பேசுபவன் முகமூடி அணிந்திருப்பான். அவன் சொல்லைப் பரப்புவோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் எவரும் தம்மைப் பேச்சாளராகக் கருதுவதில்லை. 2019 மார்ச் 15ஆம் நாள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரத்துப் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், தன் கொடுஞ்செயலை முகநூலில் நேரடியாகவே ஒளிபரப்பினான். 2018இல் கண்டிப் பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட வன்செயலிலே தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக, முகநூல் நிறுவனமே 2020இல் வருத்தம் தெரிவித்தது. சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்படும் பகைச் சொல்லை உணர்ந்து நீக்கப் போதிய ஆட்கள் அக்காலத்தில் அதற்கு இருக்கவில்லை.

கணினி வலையினூடே வரும் தாக்குதலும் இலங்கைக்குப் புதியதன்று. 1990களின் பிற்பகுதியிலே, புலிகளின் பெயரைக் கொண்ட குழு ஒன்று இலங்கைத் தூதரகங்களுக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களை அனுப்பி அவற்றின் வேலையைத் தடை செய்தது. உலகிலேயே இத்தகைய முதற் தாக்குதல்களுள் ஒன்றாக அது குறிப்பிடப்படுகின்றது. இன்றைய ஆபத்து அதனினும் நுட்பமானது. ஒருவருடைய கணக்கைத் திருடி, அவர் பெயரால் மாற்றுச் சமயத்தை இழித்து எழுதலாம். வேறு நாட்டில் வேறு ஆண்டில் எடுத்த காட்சியை நேற்று மன்னாரில் நடந்ததாகக் காட்டலாம். செயற்கை நுண்ணறிவின் துணையால், ஒரு குருவானவரோ குருக்களோ மௌலவியோ ஒருபோதும் சொல்லாத சொல்லை அவர் குரலிலேயே ஒலிக்கச் செய்யலாம். ஆலயத்தின் பெயரால் நடக்கும் ஒரு முகநூற் பக்கத்தின் கடவுச்சொல் களவு போவது, ஆலயத்தின் திறவுகோல் களவு போவதற்கு ஒப்பானது. ஆதலின் கடவுச்சொல்லைப் பலரிடம் கொடாமை, இரட்டைச் சரிபார்ப்பு முறையைக் கைக்கொள்ளுதல், கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லாமை ஆகியன இன்று சமயப் பணியின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கன.

இதற்குச் சட்டம் போதாதா என்று கேட்கலாம். கணினிக் குற்றச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. சமயப் பகையைத் தூண்டுவதைத் தடுக்கும் பிரிவைக் கொண்ட சட்டமும் அதே ஆண்டில் வந்தது. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. குழப்பம் மூளும்போது சமூக ஊடகங்களை முடக்கும் வழக்கமும் 2018, 2019 ஆகிய ஆண்டுகளிற் கையாளப்பட்டது. சட்டம் வேண்டியதே. ஆயினும் சுக்கான் சக்கரத்தைத் தர்மச் சக்கரமாகக் கண்ட கண்ணிடம் கொடுக்கப்படும் சட்டம், காக்க வேண்டியவரையே தாக்கக் கூடும். ஊடகத்தை முடக்கும்போது வதந்தி நின்றுவிடுவதில்லை. வதந்தியை மறுக்கும் உண்மையும் சேர்ந்தே முடங்குகின்றது. சட்டம் கூட்டத்தைக் கலைக்கலாம். அயலாரை ஒன்று சேர்க்க அதனால் இயலாது.

அதற்கு வழி யாது? மன்னார்க் கரையே விடை கூறுகின்றது. மடுத் திருப்பதி 1990 முதல் அகதிகளின் புகலிடமாய் விளங்கியபோது, உணவுக்கு நின்ற வரிசையிலே சமயம் கேட்கப்படவில்லை. ஆவணித் திருவிழாவுக்குச் சிங்களரும் தமிழரும் ஒரே மர நிழலிற் கூடாரம் அமைக்கின்றனர். இப்பழக்கங்கள் அமைதிக் காலத்து அலங்காரங்கள் அல்ல. ஆபத்துக் காலத்துக்கு முன்னரே கட்டி வைக்கப்பட்ட பாலங்கள். ஒவ்வோர் ஊரிலும் ஆலய அறங்காவலரும், பங்குக் குருவும், பள்ளிவாசல் நிருவாகியும் ஒருவர் தொலைபேசி எண்ணை மற்றவர் அறிந்திருத்தல் வேண்டும். திருவிழா வளைவானாலும் ஒலிபெருக்கியானாலும் ஊர்வலமானாலும், நாள் நெருங்குவதற்கு முன்னரே அயற் சமயத்தாரோடு கலந்து பேசுதல் வேண்டும். ஒரு செய்தி கைக்கு வந்தால், இது எங்கே நடந்தது, எப்போது நடந்தது, கண்டவர் யார் என்னும் மூன்று வினாக்களை வினவி, விடை கிடைக்கும்வரை அதனை மற்றவருக்கு அனுப்பாதிருத்தல் வேண்டும். அனுப்பிய பின்னர் பொய்யென்று தெரிந்தால், அதே கூட்டத்தாரிடம் ‘அது பொய்’ என்று மறு செய்தி அனுப்புதல் வேண்டும். இச்செயல்கள் சிறியன, செலவு இல்லாதன. ஆனால் 2019 மே மாதத்துச் சிலாபத்திலே இத்தகைய ஒரு மணி நேரத் தாமதம் இருந்திருப்பின், எத்தனையோ வீடுகள் தப்பியிருக்கலாம்.

தூரத்து ஊர்களில் வாழும் மன்னார் மக்களுக்கும் இதிற் பங்கு உண்டு. பிறந்த மண்மீது கொண்ட அன்பினால் அவர்கள் பேசுகின்றனர். அவ்வன்பு மெய்யாயின், பேசுவதற்கு முன் ஊரிலுள்ள ஒருவரை அழைத்துக் கேட்பது அரிதான செயலன்று. அழைக்கப்படுபவர் மாற்றுச் சமயத்தவராக இருப்பின் இன்னும் நன்று.

முத்துப் பார்கள் இன்று மௌனமாகக் கிடக்கின்றன. கல்லைக் கட்டி இறங்குவோரும் இல்லை. தோணியில் கயிறு பிடிப்போரும் இல்லை. ஆனால் கையிலே தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று யாரோ ஒருவருடைய கயிற்றைப் பிடித்திருக்கின்றனர். அந்த ஒருவர் அடுத்த தெருவில் தொழுகைக்குச் செல்பவராக இருக்கலாம். செபமாலை ஏந்துபவராக இருக்கலாம். திருநீறு அணிபவராக இருக்கலாம். அவர் நீருக்கடியில் இருக்கும் வேளையிலே, கரையில் எவனோ கூவிய கூச்சலைக் கேட்டுக் கயிற்றை விட்டுவிடாதிருத்தலே மன்னார்க் கரை மற்றோருக்குக் கற்பிக்கும் பாடம். மாந்தை மண் அதனை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. பிறர் அவ்விலை கொடாமலே கற்றுக்கொள்ளலாம்.